தேதியைத் தள்ள முடியாத திட்டம்

2021 நவம்பர் 20-ஆம் தேதி மலேசியாவின் மலாக்கா மாநிலச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. 28 தொகுதிகள், ஏறத்தாழ 4 லட்சத்து 95 ஆயிரம் வாக்காளர்கள். அந்தத் தேர்தலில் 18, 19, 20 வயதுப் பிள்ளைகள் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அவர்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16-ஆம் தேதியே மக்களவையில் நிறைவேறியிருந்தது. அன்று வாக்களித்த 211 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். ஆனால் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 15-ஆம் தேதி. மலாக்கா மக்கள் வாக்களித்து 25 நாள் கழித்து.

இந்த 25 நாள் எப்படி உண்டானது என்று தேடிப் போனால், தேர்தல் தொழில்நுட்பத்தில் ஆபத்து எங்கே குடியிருக்கிறது என்பது விளங்கும். தேர்தல், கணினி என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே நமக்கு ஊடுருவல்காரர்களின் ஞாபகம்தான் வருகிறது. எங்கோ இருட்டறையில் உட்கார்ந்து வாக்குகளை மாற்றுகிற ஆள். அந்த ஆபத்தும் உண்மையானதுதான். ஆனால் பல நாடுகளில் சறுக்கிய தேர்தல் திட்டங்களின் கதைகளைப் படித்தால், பழி பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்மேல் விழுகிறது. அவசரத்தில் எழுதிய மென்பொருள், தேய்த்துப் பார்க்காமல் வாங்கிய மை, சட்டத்தில் இடமில்லாத கருவி, பத்து வருடத்துக்கு முந்தைய முகவரி.

வாக்காளரைப் பொறுத்தவரை அந்தத் திருத்தம் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்கு இறக்கியது. தானியங்கிப் பதிவைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வாக்காளராக வேண்டுமென்றால் நாமே அஞ்சலகத்துக்கோ தேர்தல் ஆணையத்தின் அலுவலகத்துக்கோ போய்ப் பதிய வேண்டும். தோட்டங்களில் கட்சிக்காரர்கள் கோயில் திருவிழா சமயத்தில் மேசை போட்டுப் பதிந்து கொடுப்பதும் உண்டு. புதிய முறையில் மனிதர் எங்கும் போக வேண்டியதில்லை. தேசியப் பதிவு இலாகாவில் இருக்கும் விவரம் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். 18 வயது நிறைந்தவரின் பெயர் பட்டியலில் ஏறும். இறந்தவரின் பெயர் நீங்கும்.

வயதை மாற்றுவது கணினிக்கு ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. கடினமானது தானியங்கிப் பதிவுதான். இரண்டு அமைப்புகளின் தரவுகள் பேசிக்கொள்ள வேண்டும், பதிவு விதிமுறைகளைத் திருத்தி எழுத வேண்டும், லட்சக்கணக்கான முகவரிகளைத் தொகுதியோடும் வாக்களிப்பு வட்டாரத்தோடும் பொருத்த வேண்டும். 2021 மார்ச்சில் தேர்தல் ஆணையம், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டினால் வேலை தடைப்பட்டதாகவும் 2022 செப்டம்பர் 1-க்குப் பிறகுதான் இது சாத்தியம் என்றும் அறிவித்தது. சரவாக்கைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பர் 31-க்குள் வயது வரம்பை இறக்க வேண்டும் என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் செப்டம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பளித்தது. டிசம்பர் 15-இல் வயது இறங்கியது, தானியங்கிப் பதிவும் கூடவே வந்தது. ஆணையம் சொன்ன தேதிக்கு எட்டரை மாதம் முன்னதாக.

மற்றத் திட்டங்களில் தாமதம் என்பது பாதுகாப்பான பக்கம். வங்கியின் புதிய செயலி மூன்று மாதம் பிந்தி வந்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. தேர்தல் அப்படியில்லை. மலாக்காவில் நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் அக்டோபர் தொடக்கத்தில் முதலமைச்சருக்கான ஆதரவை மீட்டுக்கொண்டார்கள், சட்டமன்றம் கலைந்தது, 60 நாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். எந்தப் பொறியாளரின் கால அட்டவணையிலும் அந்தத் தேதி இருந்திருக்காது. ஆபத்தைக் கணக்கிடுகிறவர்கள் நடக்கும் வாய்ப்பையும் நடந்தால் வரும் நட்டத்தையும் பெருக்கிப் பார்ப்பார்கள். ‘அவசரப்பட்டால் பட்டியலில் பிழை வரும்’ என்ற வரி அவர்கள் ஏட்டில் நிச்சயம் இருக்கும். ‘தாமதித்தால் ஒரு மாநிலத்தின் மூன்று வயதுப் பிரிவுகள் முழுவதும் வெளியே நிற்கும்’ என்ற வரியும் அதே ஏட்டில், அதே கனத்தோடு இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியே நின்றவர்கள் 18 வயதுக்காரர்கள் மட்டுமல்லர். 21 தாண்டியும் பதிந்துகொள்ளாமல் விட்டவர்களுக்கும் அந்த நவம்பர் கிடைக்கவில்லை.

சட்டம் ஒரு பக்கம், தொழில்நுட்பம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதே தவறு. தேர்தல் கருவியின் ஒரு பாகம் சட்டம். பாகம் குறைந்தால் கருவி ஓடாது. எழுத்தாளர் சுஜாதாவைப் படித்து வளர்ந்த வாசகர்கள் நம்மிடையே ஏராளம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளராக அவர் இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியதும் பலருக்குத் தெரியும். அந்த இயந்திரங்களின் வரலாறு தொடங்கும் இடம் கேரளத்தின் பரவூர். 1982 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 50 சாவடிகளில் முதன்முதலாக இயந்திரத்தில் வாக்களித்தார்கள். தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். சட்டம் வாக்குச் சீட்டைப் பற்றித்தான் பேசுகிறது, இயந்திரத்துக்கு அதில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடந்தது, முடிவே மாறிப்போனது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1998-இல் சில தொகுதிகள், 2001-இல் தமிழ்நாடு முழுவதும், 2004-இல் நாடாளுமன்றத்தின் 543 தொகுதிகளும் என்று இயந்திரம் படிப்படியாகத்தான் பரவியது. முதல் முயற்சி 50 சாவடிகளோடு நின்றதால் இழப்பும் 50 சாவடிகளோடு நின்றது. அயர்லாந்தில் 2002-இல் மூன்று தொகுதிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஆனால் உடனே நாடு முழுவதற்கும் 7,000-க்கு மேற்பட்ட இயந்திரங்களை வாங்கிவிட்டார்கள். பிறகு நியமித்த ஆய்வுக் குழுவால் அவற்றைப் பரிந்துரைக்க முடியவில்லை. 5 கோடி யூரோவுக்கு மேல் தின்ற அந்த இயந்திரங்கள் பல வருடம் கிடங்கில் கிடந்தன. 2012-இல் ஏறத்தாழ 70,000 யூரோவுக்கு உடைசலாக விற்கப்பட்டன.

நம் நாட்டின் அழியாத மைக்கு ஒரு முழு நூலே எழுதலாம். ஒருவர் இரண்டு முறை வாக்களிக்காமல் தடுக்க விரலில் மை வைப்பது எளிய வழி. அதன் வேதியியலும் எளிது. மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. அது தோலில் உள்ள உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகிறது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து கறுக்கின்றன. தோலின் மேலடுக்கிலேயே கறை ஊறிவிடுவதால் சோப்பு எதுவும் செய்யாது. தோல் உதிர்ந்து, நகம் வளர்ந்துதான் போக வேண்டும். தேர்தல் மைகளில் சில்வர் நைட்ரேட் பொதுவாக 5 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும்.

2008 பொதுத்தேர்தலுக்கு ஆணையம் மை வாங்கியது. வாக்களிப்பு மார்ச் 8. மார்ச் 4-ஆம் தேதி திட்டத்தைக் கைவிட்டது. அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று சட்டம்: விரலில் மை இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு வாக்குச் சீட்டைத் தர மறுக்க அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. பரவூரில் நடந்தது மறுபடி. நான்கு நாள் மிச்சமிருக்கும்போது கண்டுபிடிக்கிற விஷயமா இது?

2013-க்குள் சட்டத் தடை நீங்கியிருந்தது, அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு மை வந்தது. ஏப்ரல் 30-ஆம் தேதி இராணுவத்தினரும் போலீசாரும் முன்கூட்டியே வாக்களித்தார்கள். அன்றே புகார் எழுந்தது, கழுவினால் மை போகிறது என்று. குப்பியைச் சரியாகக் குலுக்கவில்லை என்பது ஆணையம் தந்த விளக்கம். மே 5-ஆம் தேதி நாடு முழுவதும் வாக்களித்த பிறகு அதே புகார் இன்னும் பலமாக எழுந்தது. அந்த மையில் உணவுச் சாயம்தான் இருந்தது, சில்வர் நைட்ரேட் இல்லை என்று அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் அமைச்சரே பதில் சொன்னார்.

இதில் என்னை உறுத்துவது அந்த ஐந்து நாள். முன்கூட்டிய வாக்களிப்பு என்பது நல்ல ஒத்திகை. உண்மையான கருவி, உண்மையான மனிதர்கள், சிறிய அளவு. அது மணியடித்துச் சொன்னது. அந்த மணியைக் கேட்டவுடன் ஒரு குப்பியை நன்றாகக் குலுக்கி, பத்துப் பேர் விரலில் தடவி, சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும். விடை வந்தபின் புதிய மை வாங்க நேரமில்லாமல் போயிருக்கலாம். ஆனால் பட்டியலில் பெயரை அடிக்கும் இரண்டாவது பூட்டை இறுக்கவும், மக்களிடம் உண்மையைச் சொல்லவும் நேரம் இருந்தது. ஒத்திகை நடத்துவது பாதி வேலை. ஒத்திகை தவறிவிட்டால் யார் என்ன முடிவு எடுப்பார் என்று முதலிலேயே எழுதி வைப்பது மீதிப் பாதி.

அடுத்தது சங்கிலிக் கணக்கு. சாவடியில் எண்ணிய வாக்கு திரையில் முடிவாகத் தெரிவதற்குள் பல கண்ணிகளைக் கடக்கிறது. கைப்பேசியில் மின்சாரம் இருக்க வேண்டும், அலைவரிசை கிடைக்க வேண்டும், கடவுச்சொல் வேலை செய்ய வேண்டும், எண்ணைத் தவறில்லாமல் தட்ட வேண்டும், மையக் கணினி தாங்க வேண்டும். எட்டுக் கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை சரியாக வேலை செய்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எட்டும் சேர்ந்து சரியாக நடக்கும் வாய்ப்பு 0.99-ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது, அதாவது 92 விழுக்காடுதான். 1,700 சாவடிகள் இருந்தால் 130 சாவடிகளில் ஏதாவது ஒரு கோளாறு. 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஏறத்தாழ அத்தனை வட்டாரங்களின் முடிவைத்தான் ஒரு புதிய செயலி வழியாகத் திரட்ட முயன்றது. இரண்டு மாத அளவில் எழுதி முடித்த செயலி. பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. நுழைந்து அனுப்பியதிலும் ஒரு பகுதிதான் மையத்தில் தெரிந்தது. சரி, தொலைபேசியில் சொல்லலாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தார்கள், இணைப்புகள் நெரிந்தன. மாற்று வழி என்று வைத்திருந்தது, முதல் வழி விழுந்தால் வரும் கூட்டத்தைத் தாங்கும் அளவில் இல்லை. முடிவு வரப் பல நாள் ஆனது. ஆனாலும் வந்தது. காரணம், அந்த ஆண்டுதான் ஒவ்வொருவரின் தேர்வையும் காகித அட்டையில் எழுதி வாங்கும் வழக்கத்தை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள்.

மலாக்கா நீரிணைக்கு அந்தக் கரையில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. இந்தோனேசியாவின் 2019 தேர்தலில் எண்ணும் வேலையின் களைப்பினால் தேர்தல் பணியாளர்கள் ஏறத்தாழ 900 பேர் இறந்துபோனார்கள். வேலையைக் குறைக்கத் தொழில்நுட்பம் வேண்டும் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. 2024 பிப்ரவரி 14 தேர்தலில் ‘சிரேகாப்’ என்ற செயலியைக் கொடுத்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவடிகளில் பணியாளர் முடிவுத் தாளைக் கைப்பேசியில் படமெடுப்பார். கையால் எழுதிய எண்ணைச் செயலி தானே படித்து மையத்துக்கு அனுப்பும். ஒரு சாவடியில் வாக்காளர் 300 பேருக்கு மேல் இருக்க முடியாது. அன்றிரவு சில சாவடிகளில் ஒரே வேட்பாளருக்கு அதைவிட அதிக வாக்குகள் திரையில் தெரிந்தன. செயலி எழுத்தைத் தவறாகப் படித்திருந்தது. கூட்டுத்தொகை 300-ஐத் தாண்டினால் ஏற்காதே என்ற ஒற்றை வரிக் கட்டளை உள்ளே இருந்திருந்தால் அந்த எண்கள் வாசலிலேயே நின்றிருக்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்குள் ஒரு நல்ல வடிவமைப்பும் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்திலேயே மூலத் தாளின் படத்தையும் பொதுமக்கள் பார்க்க முடிந்தது. பிழையை ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள்தான் படத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் அந்த எண்களின் வரைபடத்தை அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டு, தாளின் படத்தை மட்டும் காட்டியது. அதிகாரபூர்வ முடிவு செயலியிலிருந்து வரவில்லை. படிப்படியாகக் கையால் கூட்டிய தாள்களிலிருந்து மார்ச் 20-ஆம் தேதி வந்தது.

மென்பொருளில் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று இருந்து, அதனால் முடிவு கண்டுபிடிக்க முடியாதபடி மாறும் என்றால் அந்த முறையை நம்பக் கூடாது. கணினிப் பாதுகாப்பு அறிஞர் ரொனால்ட் ரிவெஸ்ட் இன்னொருவரோடு சேர்ந்து 2006-இல் வகுத்த வரையறை இது. இந்த அளவுகோலில் நம் பள்ளி வகுப்பறைகள் நன்றாகவே தேறுகின்றன. மெர்லிமாவிலும் டுரியான் துங்கலிலும் வாக்களித்தவர்களுக்கு அந்த அறை நன்றாகத் தெரியும். காகிதச் சீட்டு. ஒவ்வொரு சாலுரானிலும், அதாவது வாக்களிப்பு அறையிலும், சில நூறு பேர், முதியவர்கள் முதல் சாலுரானில். வாக்களிப்பு முடிந்ததும் அந்த இடத்திலேயே எண்ணுகிறார்கள். கட்சிகளின் எண்ணும் முகவர்கள் முன் ஒவ்வொரு சீட்டும் தூக்கிக் காட்டப்படுகிறது. எண்ணி முடித்த கணக்கு 14-ஆம் பாரத்தில் எழுதப்பட்டு, முகவர்களுக்கு நகல் போகிறது. கோலாலம்பூரில் எந்தக் கணினி எப்படி மயங்கி விழுந்தாலும், அந்த நகல்களைச் சேர்த்துக் கூட்டத் தெரிந்த யாரும் முடிவைச் சரிபார்க்கலாம். இதைப் பழைய முறை என்று சலித்துக்கொள்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணும் பக்கத்தில் நாம் வாங்கக்கூடிய எந்த இயந்திரமும் இந்தப் பாரத்தைவிடக் குறைந்த ஆபத்துள்ளதாக இருக்காது.

நம் ஆபத்து பட்டியல் பக்கத்தில் இருக்கிறது. 2018 பொதுத்தேர்தலில் நாட்டின் வாக்காளர்கள் 1 கோடியே 49 லட்சம். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சம். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பெருமளவுக்குத் தரவு வழியாக ஏறியவை. நான் இதை மனமாரக் கொண்டாடுகிறேன். எந்தக் கட்சிக்காரருக்காகவும் காத்திருக்காமல் தோட்டத்துப் பிள்ளைக்கு வாக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் தானியங்கிப் பதிவு மைகார்டு என்ற அடையாள அட்டையில் உள்ள முகவரியை நம்புகிறது. அந்த முகவரி எவ்வளவு உண்மை?

மலாக்காத் தமிழர்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. ஆயர் குரோவிலும் பத்து பெரண்டாமிலும் தொழிற்பேட்டைகள் எழுந்த காலத்திலிருந்தே பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் அலோர் காஜாவுக்கோ, ஜாசினுக்கோ, கிள்ளானுக்கோ, ஜொகூர் பாருவுக்கோ போய் வாடகை வீட்டில் குடியேறின. வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் சொல்ல வேண்டும் என்பது விதி. வாடகை வீட்டை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிற குடும்பம் அதைச் செய்வதில்லை. ‘ஊர் முகவரி இருக்கட்டுமே’ என்று விட்டுவிடுகிறார்கள். அம்மாவின் அட்டையில் தோட்டத்துப் பெயர். பிள்ளைக்குப் 12 வயதில் எடுத்த அட்டையிலும் அதே. 18 வயதில் கணினி அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய், இப்போது இல்லாத ஒரு லயத்தின் தொகுதியில் பதிகிறது. அது தொழில்நுட்பத்தின் பிழையும் அல்ல, யாருடைய சூழ்ச்சியும் அல்ல. ஆனால் வாக்களிக்கும் நாளில் ஜொகூர் பாருவில் வேலை செய்கிற அந்தப் பெண் பஸ் ஏறி மலாக்கா வர வேண்டும். வரமாட்டாள். இப்படிப்பட்ட இழப்பு எந்தத் திரையிலும் சிவப்பு விளக்கைக் காட்டாது. குடியுரிமை இல்லாமல், அடையாள அட்டையே சிவப்பாக இருக்கும் குடும்பங்களின் துயரம் தனி. அவர்களைப் பற்றி எந்தத் தானியங்கி முறையும் பேசுவதில்லை.

இதைச் சோதிக்கப் பெரிய செலவு வேண்டாம். புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சில பெயர்களை எடுத்துச் சரிபார்த்து, ஒரு பிழைகூட வரவில்லை என்றால், மொத்தப் பட்டியலின் பிழை வீதம் பெரும்பாலும் மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்ததற்கு மேல் இருக்காது. 300 பெயர் எடுத்துப் பிழை இல்லையென்றால், பிழை ஒரு விழுக்காட்டுக்குக் குறைவு என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: பட்டியலில் நூற்றுக்கு ஒன்று தவறு என்றால், எடுத்த 300-இல் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.99-ஐ 300 முறை பெருக்கியது, அது 5 விழுக்காட்டுக்கும் கீழே. பட்டியலில் 10,000 பேர் இருந்தாலும் ஒரு லட்சம் பேர் இருந்தாலும் இந்தக் கணக்கு ஏறத்தாழ மாறாது. பெயர்களைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும்; தெரிந்த வீடாகப் பார்த்துப் போனால் கணக்கு செல்லாது. பத்துப் பிழை வந்தால் பிழை மூன்று விழுக்காட்டை ஒட்டி என்று தெரிந்துகொண்டு, எந்தத் தோட்டத்து முகவரிகளில் அது குவிகிறது என்று தேடலாம்.

காடேக், மாச்சாப் ஜெயா, அசஹான், ரிம், பெம்பான், மெர்லிமாவ். மலாக்காவின் இந்த ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் தொகுதிக்கு 300 பெயர் என்றால் மொத்தம் 1,800 கதவுகள். தோட்டத்துக் கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்தால் சில வார இறுதிகளில் முடிக்கிற வேலை. 2021-இல் அமைந்த சட்டமன்றத்தின் தவணை ஐந்து ஆண்டு. ஆனால் சட்டமன்றம் தவணைக்கு முன்பே கலையலாம் என்பதை அந்த அக்டோபரே காட்டிவிட்டது. ஆகவே கணக்கெடுப்பைத் தேர்தல் பேச்சு எதுவும் இல்லாத மாதத்தில் தொடங்க வேண்டும். பிழை கண்ட வீட்டுக்காரர் தேசியப் பதிவு இலாகாவின் முகப்பில் முகவரியை மாற்றிவிட்டு, தேர்தல் ஆணையத்திடமும் வாக்களிக்கும் முகவரியை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சட்டமன்றம் கலைந்த மறுநாள் ஓடிப்போய் மாற்றும் முகவரி அந்தத் தேர்தலுக்குச் சேராது.